1எம்டிபி விவகாரமும் 'தி எட்ஜ்' முடக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

மலேசிய வணிக வட்டாரத்தில் செல்வாக்குள்ள 'தி எட்ஜ்' வார இதழையும் அதே நிறுவனத்தின் 'தி எட்ஜ் ஃபைனான்சியல் டெய்லி' நாளிதழையும் மூன்று மாதங்களுக்கு அச்சிடக் கூடாது என்று உள்துறை அமைச்சு உத்தரவிட்ட செய்தி 2015 ஜூலை 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை வெளியானது. உத்தரவு ஜூலை 27 முதல் நடப்புக்கு வந்தது. 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தைப் பற்றி அவ்விதழ்கள் எழுதி வந்தவை பொது ஒழுங்குக்கும் நாட்டு நலனுக்கும் ஊறு விளைவிக்கக் கூடியவை என்று அமைச்சின் கடிதம் காரணம் கூறியது. எழுதப்பட்டவை பொய் என்று அது நிறுவ முயலவில்லை.

இந்த விவகாரம் பெரும்பாலும் இரண்டு தனிக் கதைகளாகவே சொல்லப்படுகிறது. அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கிற்கு வேண்டப்பட்டவர்கள் அரசுப் பணத்தைச் சூறையாடியது ஒன்று. அதை எழுதிய ஏடுகள் நெருக்கப்பட்டது மற்றொன்று. இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள் என்பதே என் கருத்து. அரசு ஒப்பந்தமும் கடனுக்கான அரசு உத்தரவாதமும் ஒரு மனிதரின் ஒப்புதலைப் பொறுத்து அமையும் நாட்டில், செய்தித்தாள் நடத்தும் உரிமமும் ஓர் அமைச்சரின் ஒப்புதலைப் பொறுத்தே அமைந்திருந்தது. சலுகை தரும் கையே தண்டிக்கும் கையாகவும் இருந்தது. இந்த நிகழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் அதைக் காண முடிகிறது.

நிறுவனம் உருவான விதம்

1எம்டிபியின் தொடக்கம் 2009இல் உருவான திரெங்கானு முதலீட்டு ஆணையம். கிழக்குக் கரை மாநிலமான திரெங்கானுவின் எண்ணெய் வருவாயை முதலீடாக்குவதற்கென்று அமைக்கப்பட்ட அந்த ஆணையத்தை, அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமராகப் பதவியேற்ற நஜிப் ரசாக்கின் அரசு மத்திய நிதியமைச்சின் கீழ்க் கொண்டுவந்து, பெயரையும் மாற்றியது. பினாங்கைச் சேர்ந்தவரும் அமெரிக்காவில் வார்ட்டன் கல்லூரியில் படித்தவருமான ஜோ லோ என்ற இளம் தொழிலதிபர் ஆணையத்தின் நாள்களிலிருந்தே பின்னணியில் இயங்கினார். அவருக்கு நிறுவனத்தில் எந்தப் பதவியும் இல்லை. நஜிப்பின் மனைவி ரோஸ்மாவின் முதல் திருமணத்து மகன் ரிசா அசிஸுடன் அவருக்கு நெருங்கிய நட்பு இருந்தது.

நஜிப் நாட்டின் பிரதமர், அவரே நிதியமைச்சர், நிறுவனத்தின் பங்குகள் முழுவதும் நிதியமைச்சிடம், நிறுவனத்தின் ஆலோசனை வாரியத் தலைவரும் அவரே. போதாததற்கு, நிறுவன விதிகளின் 117ஆவது பிரிவு, முக்கியமான நிதி முடிவுகளுக்குப் பிரதமரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்று கூறியது. இயக்குநர் குழு எதைத் தடுத்தாலும் அதற்கு மேலே ஒரு கையெழுத்து காத்திருந்தது. பிற்காலத்தில் 1எம்டிபி வழக்குகளில் இந்தப் பிரிவு வந்து நின்றதற்குக் காரணம் இதுதான்.

முதல் பெரிய பரிமாற்றத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயனுள்ளது. 2009 செப்டம்பர் 28ஆம் தேதி பெட்ரோசவுதி என்ற தனியார் எண்ணெய் நிறுவனத்துடன் 1எம்டிபி கூட்டு முயற்சி ஒப்பந்தம் செய்துகொண்டது. மலேசியத் தரப்பு 100 கோடி டாலர் செலுத்த வேண்டும். இரண்டே நாள்களில், செப்டம்பர் 30ஆம் தேதி, அதில் 30 கோடி டாலர் மட்டுமே கூட்டு நிறுவனத்தின் கணக்கிற்குச் சென்றது. எஞ்சிய 70 கோடி டாலர், சூரிச் நகரின் ஆர்பிஎஸ் கூட்ஸ் வங்கியில் 'குட் ஸ்டார்' என்ற செஷல்ஸ் நாட்டுப் பதிவு நிறுவனத்தின் கணக்கிற்குப் போனது. குட் ஸ்டாரை இயக்கியவர் ஜோ லோ. பெட்ரோசவுதிக்குச் சேர வேண்டிய பழைய கடனைத் தீர்க்கவே அந்தத் தொகை அனுப்பப்பட்டது என்று விளக்கம் கூறப்பட்டது. இயக்குநர் குழுவின் தலைவராக இருந்த முகமட் பக்கே சாலே அடுத்த மாதமே பதவி விலகினார். பத்திரிகைகள் எதையும் அறிவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, உள்ளே இருந்த ஒருவருக்கு இது பொறுக்க முடியாததாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு 2012, 2013ஆம் ஆண்டுகளில் கோல்ட்மேன் சாக்ஸ் வங்கி மூன்று கடன் பத்திர வெளியீடுகளின் வழியே 1எம்டிபிக்கு 650 கோடி டாலர் திரட்டித் தந்து, அதற்காக ஏறத்தாழ 60 கோடி டாலர் கட்டணம் பெற்றது. அப்பணத்திலும் பெரும் பங்கு திசைமாறியது என்று அமெரிக்க நீதித்துறை பின்னர் குற்றஞ்சாட்டியது. 2015ஐ நெருங்கும்போது 1எம்டிபியின் கடன் ஏறத்தாழ 4,200 கோடி ரிங்கிட்டாக இருந்தது.

ஏடுகள் நின்ற நிலம்

அன்றைய மலேசியச் செய்தி உலகில் பெரிய நாளேடுகளில் பல ஆளும் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சிகளுக்குச் சொந்தமாகவோ நெருக்கமாகவோ இருந்தன. உத்துசான் மலேசியா, மலாய்க்காரர் கட்சியான அம்னோவின் பிடியில் இருந்தது. தி ஸ்டார் ஏட்டின் பெரும்பங்கு சீனர் கட்சியான மசீசவிடம் இருந்தது. தமிழ் வாசகர்கள் தலைமுறைகளாகப் படித்துவந்த தமிழ் நேசனும் இந்தியர் கட்சியான மஇகாவின் நீண்டகாலத் தலைவர் ச. சாமிவேலுவின் குடும்பத்தார் வசம் இருந்தது. தனியார் ஏடுகளுக்கும் தலைக்கு மேல் 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் தொங்கியது. அமைச்சரின் உரிமம் இல்லாமல் செய்தித்தாள் அச்சிட முடியாது. கொடுத்த உரிமத்தை அவர் நிறுத்திவைக்கவும் பறிக்கவும் முடியும்.

1987 அக்டோபரில், மகாதீர் முகமது பிரதமராக இருந்தபோது, 'ஓப்பராசி லாலாங்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டார்கள். தி ஸ்டார், சின் சியூ ஜிட் போ, வாத்தான் ஆகிய மூன்று ஏடுகளின் உரிமங்கள் பறிக்கப்பட்டன. அதன் பிறகு சட்டம் மேலும் இறுக்கப்பட்டு, அமைச்சரின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்ற நிலை உருவானது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்ததால், ஆசிரியர்கள் எழுதும்போதே அடுத்த புதுப்பிப்பை நினைத்து எழுதும் பழக்கம் வேரூன்றியது. தடை உத்தரவுகளைவிட இந்தப் பழக்கமே அதிகச் செய்திகளை விழுங்கியது என்று நினைக்கிறேன்.

2012இல் இச்சட்டம் சற்றே தளர்ந்தது. ஆண்டுப் புதுப்பிப்பு நீங்கியது. அமைச்சரின் முடிவை நீதிமன்றம் சீராய்வு செய்யும் வழி திறந்தது. உரிமத்தைப் பறிக்கும் முன்போ நிறுத்தும் முன்போ பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்க வேண்டும் என்ற கடப்பாடும் சேர்க்கப்பட்டது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்தது நஜிப் அரசுதான். மூன்றே ஆண்டுகளில் அதே அரசுக்கு எதிராக அந்தத் திருத்தம்தான் பயன்பட்டது.

கசிவும் அதன் விலையும்

பெட்ரோசவுதியின் முன்னாள் ஊழியரும் சுவிட்சர்லாந்து நாட்டவருமான சேவியர் ஜுஸ்தோ, நிறுவனத்தை விட்டு விலகியபோது அதன் மின்னஞ்சல்களும் ஆவணங்களும் அடங்கிய பெரும் தரவுத் தொகுப்பைத் தம் வசம் வைத்திருந்தார். மலேசிய மாநிலமான சரவாக்கில் பிறந்த பிரிட்டிஷ் பத்திரிகையாளரும் 'சரவாக் ரிப்போர்ட்' தளத்தை நடத்தியவருமான கிளேர் ரியூகாசல் பிரவுன் அவரைத் தொடர்புகொண்டார். 2015 தொடக்கத்தில் சிங்கப்பூரில் நடந்த சந்திப்பில் தி எட்ஜ் உரிமையாளர் தோங் கூய் ஓங்கும் தலைமை நிர்வாகி ஹோ கேய் தாட்டும் கலந்துகொண்டார்கள். பிப்ரவரி 28ஆம் தேதி சரவாக் ரிப்போர்ட் முதல் கட்டுரையை வெளியிட்டது.

ஜுஸ்தோ தரவுகளுக்கு விலையாக 20 லட்சம் டாலர் கேட்டார். தி எட்ஜ் ஒப்புக்கொண்டது. ஆனால் பணம் கொடுக்கவில்லை. ஆதாரங்களைப் பெற வேறு வழி இல்லாததால் பணம் தருவதாக அவரை நம்பவைத்ததாக அந்நிறுவனமே 2015 ஜூலையில் வெளிப்படையாக அறிவித்தது. இதை மூடிமறைக்காமல் எடுத்துப் பேச வேண்டும். தகவல் தருபவரை ஏமாற்றுவது இதழியல் அறத்திற்குப் பொருந்தாது. அந்த மனிதர் பின்னர் சிறை சென்றபோது அந்தக் குறை இன்னும் கனமானது. எனினும் பணம் கைமாறாததாலும், பெற்ற ஆவணங்களை விசாரணை அமைப்புகளிடம் தாங்களே ஒப்படைத்ததாலும், இதழுக்கு எதிரான திருட்டுக் குற்றச்சாட்டு நிலைக்க முடியாமல் போனது. ஆவணங்கள் உண்மையானவையா என்ற கேள்விக்கு இவ்வறக் கேள்வி விடையாகாது. அரசுத் தரப்பு இரண்டையும் ஒன்றாகக் கலந்து பேசியதே குழப்பத்திற்குக் காரணம்.

ஜூன் மாதம் தாய்லாந்தின் சாமுய் தீவில் ஜுஸ்தோ கைதானார். பெட்ரோசவுதியை மிரட்டிப் பணம் பறிக்க முயன்றார் என்பது வழக்கு. ஆகஸ்டில் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்ற பேச்சு மலேசியாவில் அரசுக்கு நெருக்கமான ஏடுகளில் பரவியது.

2015 ஜூலை

அந்த ஒரு மாதத்தில் நடந்தவற்றை வரிசையாகப் பார்த்தால்தான் அழுத்தம் எப்படி இயங்கியது என்பது விளங்கும். ஜூலை 2ஆம் தேதி அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், நஜிப்பின் சொந்த வங்கிக் கணக்குகளுக்கு ஏறத்தாழ 70 கோடி டாலர், அதாவது மலேசிய மக்கள் இன்றும் '2.6 பில்லியன்' என்று குறிப்பிடும் ரிங்கிட் தொகை, வந்து சேர்ந்ததாக எழுதியது. சட்டத்துறைத் தலைவர், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, காவல்துறை, ஊழல் தடுப்பு ஆணையம் ஆகியோரைக் கொண்ட சிறப்புப் பணிக்குழு அப்போது விசாரித்துக்கொண்டிருந்தது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு தனியே விசாரித்தது. தலைமைக் கணக்காய்வாளரும் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அமைப்புகள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன.

ஜூலை 19ஆம் தேதி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சரவாக் ரிப்போர்ட் தளத்தை நாட்டிற்குள் முடக்கியது. மறுநாள் தி எட்ஜ், ஜோ லோவும் பெட்ரோசவுதியும் சேர்ந்து மலேசிய மக்களின் பணத்தைக் கவர்ந்த விதம் என்று நேரடியாகத் தலைப்பிட்டு, பணம் போன வழியைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. தோங் கூய் ஓங் வெளிநாடு செல்லத் தடை விதிக்கப்பட்டது. அந்த வார இறுதிக்குள் இதழ்கள் நிறுத்தப்படும் செய்தியும் வந்துவிட்டது.

ஜூலை 28ஆம் தேதி நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. 1எம்டிபி பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பிய துணைப் பிரதமர் மொகிதின் யாசின் நீக்கப்பட்டார். சிறப்புப் பணிக்குழுவில் இருந்த சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டேல் உடல்நலக் காரணம் கூறி அகற்றப்பட்டார். மொகமட் அபாண்டி அலி அந்த இடத்திற்கு வந்தார். இதழ்களை நிறுத்திய உள்துறை அமைச்சின் அமைச்சர் அகமட் ஸாஹிட் ஹமிடி அன்றே துணைப் பிரதமரானார். பொதுக் கணக்குக் குழுவின் தலைவர் நூர் ஜஸ்லான் முகமட் துணையமைச்சராக்கப்பட்டார். அவருக்குக் கிடைத்ததும் உள்துறை அமைச்சுதான். குழு உறுப்பினர்கள் வேறு சிலருக்கும் அரசுப் பதவிகள் கிடைத்ததால் குழுவின் விசாரணை நின்றுபோனது.

ஒரே நாளில் விசாரித்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், மற்றவர்கள் அமைச்சரவைப் பக்கம் இழுக்கப்பட்டார்கள். பதவி கொடுத்து வாயை அடைப்பதும் பதவியைப் பறித்து வாயை அடைப்பதும் ஒரே அதிகாரத்தின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று மலேசிய வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகஸ்டில் ரியூகாசல் பிரவுனுக்கு எதிராகக் கைது ஆணை பிறந்தது. அனைத்துலகக் காவல் அமைப்பான இன்டர்போல் அவரைத் தேடும் அறிவிப்பை வெளியிட மறுத்துவிட்டது.

நீதிமன்றம் காப்பாற்றியதும் காப்பாற்றாததும்

தி எட்ஜ் நிறுவனம் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுத் தாக்கல் செய்தது. 2015 செப்டம்பர் 21ஆம் தேதி நீதிபதி அஸ்மாபி முகமட் தடை உத்தரவை ரத்துச் செய்தார். நிறுவனத்திற்குத் தன் தரப்பை எடுத்துரைக்க முறையான வாய்ப்புத் தரப்படவில்லை என்பது தீர்ப்பின் சாரம். எந்தச் செய்தி எந்த வகையில் குற்றம் என்று தெளிவாகக் கூறாத கடிதத்திற்கு ஒருவர் எவ்வாறு விளக்கம் அளிக்க முடியும்? மூன்று மாதத் தடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அதற்குள் கழிந்துவிட்டிருந்தன. அச்சுப் பதிப்பு இல்லாத அந்நாள்களில் விளம்பர வருவாய் போனது. இதழின் இணையப் பதிப்பு மட்டும் தொடர்ந்து எழுதியது, ஏனெனில் உரிமம் அச்சுக்குத்தான்.

இந்தக் கடைசிச் செய்தியைப் படிப்பவர்கள், அப்படியானால் இணையம் அச்சைவிடப் பாதுகாப்பானது என்று முடிவு கட்டக்கூடும். அடுத்த ஆண்டு நடந்தது அதற்கு நேர்மாறானது.

தி எட்ஜ் நிறுவனம் 2014இல் 'தி மலேசியன் இன்சைடர்' என்ற இணையச் செய்தித் தளத்தை வாங்கியிருந்தது. ஜஹாபார் சாதிக் அதன் ஆசிரியர். 2015 மார்ச் இறுதியில், ஹுடுட் எனப்படும் இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் தொடர்பான ஒரு செய்திக்காகத் தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ் அவரும் ஹோ கேய் தாட்டும் அத்தளத்தின் ஆசிரியர்கள் மூவரும் கைதாகி விடுவிக்கப்பட்டிருந்தார்கள். 2016 பிப்ரவரி 25ஆம் தேதி, நஜிப் மீது வழக்குத் தொடுக்க ஊழல் தடுப்பு ஆணையத்திடம் போதிய ஆதாரம் இருந்தது என்ற பொருள்படும் செய்தியை அடுத்து, தொடர்பு, பல்லூடக ஆணையம் தளத்தை முடக்கியது. தகவல் தொடர்புச் சட்டத்தின் 233ஆவது பிரிவு காரணமாகக் காட்டப்பட்டது.

இணையத் தளத்திற்கு உரிமம் தேவையில்லை. உரிமம் இல்லாததால் அதை நிறுத்திவைக்கும் முன் விளக்கம் கேட்க வேண்டும் என்ற கடப்பாடும் இல்லை. இணையச் சேவை நிறுவனங்களுக்கு ஓர் அறிவிப்புப் போதும். வாசகர் திரையில் தளம் திறக்காது. அரசின் கோபத்திற்கு ஆளான தளத்தில் விளம்பரம் கொடுக்கப் பெரிய நிறுவனங்கள் தயங்குவது இயல்பு. தளத்தை விற்க நடந்த பேச்சுகள் கைகூடவில்லை. இருபது மாதங்களில் ஒரு கோடி ரிங்கிட் இழப்பு என்று கணக்குக் காட்டி, 2016 மார்ச் 14ஆம் தேதி நள்ளிரவுடன் தளம் மூடப்பட்டது. 59 பேர் வேலை இழந்தார்கள்.

உத்தரவு போட்டு நிறுத்தப்பட்ட அச்சிதழ் நீதிமன்றத்தின் கதவைத் தட்டி மீண்டது. உத்தரவே தேவைப்படாத இணையத் தளமோ, நீதிமன்றத்தின் முன் போவதற்குள் காசில்லாமல் மூச்சடங்கியது. ஊடகச் சுதந்திரத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் ஆசிரியர்களின் துணிச்சலைப் பாராட்டுகிறோம். இரண்டு செய்தி அறைகளிலும் ஒரே முதலாளி, ஒரே அளவு துணிச்சல், ஒரே விவகாரம். வேறுபட்டது நடைமுறை உரிமை ஒன்றுதான். தன் தரப்பைச் சொல்லும் உரிமை ஒரு சட்டத்தில் இருந்தது, மற்றொன்றில் இல்லை.

வெளிநாட்டுச் செய்தியாளர்களும் தப்பவில்லை. 2016 மார்ச்சில் சரவாக் தலைநகர் கூச்சிங்கில் நஜிப்பை நெருங்கிக் கேள்வி கேட்க முயன்ற ஆஸ்திரேலிய ஏபிசி தொலைக்காட்சியின் செய்தியாளரும் ஒளிப்பதிவாளரும் தடுத்துவைக்கப்பட்டு, சில நாள்களில் குற்றச்சாட்டு ஏதுமின்றி அனுப்பிவைக்கப்பட்டார்கள். இணையச் செய்தித் தளமான மலேசியாகினியின் ஆசிரியர் ஸ்டீவன் கான், சட்டத்துறைத் தலைவரைக் கண்டித்து ஒருவர் அளித்த செய்தியாளர் கூட்டத்தின் காணொளியை வெளியிட்டதற்காக அதே 233ஆவது பிரிவின் கீழ் நவம்பரில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். நிறுவனத்தின் தலைமை நிர்வாகி பிரேமேஷ் சந்திரன் மறு ஆண்டு நிறுத்தப்பட்டார்.

உயர்த்திக் காட்டிய தாள்

2016 ஜனவரி 26ஆம் தேதி நடந்த ஒரு செய்தியாளர் கூட்டத்தை நினைவுகூர்வது இங்கு பொருத்தம். நஜிப்பின் கணக்கிற்கு வந்த பணம் சவூதி அரச குடும்பத்தின் நன்கொடை, அதில் 62 கோடி டாலர் திருப்பி அனுப்பப்பட்டுவிட்டது, குற்றம் ஏதும் இல்லை, விசாரணைக் கோப்புகள் மூடப்படுகின்றன என்று சட்டத்துறைத் தலைவர் அபாண்டி அலி அறிவித்தார். பேச்சிடையே பணப் போக்கைக் காட்டும் வரைபடத் தாள்களைக் கையில் உயர்த்திக் காட்டினார். செய்தியாளர்கள் தாங்கள் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்து பின்னர் நிதியமைச்சின் கீழ் வந்த எஸ்ஆர்சி இன்டர்நேஷனலின் பணம் நஜிப்பின் கணக்கை நோக்கி நகர்ந்த வழி அத்தாள்களில் தெரிந்தது. குற்றமில்லை என்று சொல்ல வந்தவரின் கையிலேயே அடுத்த செய்தி இருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து நஜிப்பை முதலில் குற்றவாளியாக்கிய வழக்கு இந்த எஸ்ஆர்சி பணத்தைப் பற்றியதுதான்.

உள்நாட்டில் கோப்பு மூடப்பட்ட பிறகு விவகாரத்தை உயிரோடு வைத்திருந்தவை வெளிநாட்டு விசாரணைகள். 2016 ஜூலை 20ஆம் தேதி அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த சொத்துப் பறிமுதல் மனு, 350 கோடி டாலருக்கும் மேல் சுருட்டப்பட்டதாகக் கூறியது. மறு ஆண்டு அத்தொகை 450 கோடி டாலராக உயர்ந்தது. பிரதமரைப் பெயர் சொல்லாமல் 'மலேசிய அதிகாரி 1' என்று மனு குறிப்பிட்டது. 70 கோடி டாலர் குட் ஸ்டாருக்குச் சென்றது என்று தி எட்ஜும் சரவாக் ரிப்போர்ட்டும் எழுதியதை, கசிந்த மின்னஞ்சல்களை மட்டும் நம்பாமல் வங்கிப் பதிவுகளைக் கொண்டு அம்மனு விவரித்தது. ஆவணங்கள் திருத்தப்பட்டவை என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

அரசின் பதில் இன்னொரு சட்டமாக வந்தது. 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆறு ஆண்டுச் சிறை, ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம். மசோதா வருவதற்கு முன்பே, 1எம்டிபி பற்றி அரசு உறுதி செய்யாத தகவல் அனைத்தும் பொய்ச் செய்திதான் என்ற பொருளில் தொடர்பு, பல்லூடகத் துணையமைச்சர் பேசியிருந்தார். சட்டம் யாரை நோக்கி வருகிறது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

மெய்ப்பிக்கப்பட்டவை

2018 மே 9ஆம் தேதி நடந்த தேர்தலில் தேசிய முன்னணி, விடுதலைக்குப் பின் முதல் முறையாக, ஆட்சியை இழந்தது. தாம் பிரதமராக இருந்தபோது மூன்று ஏடுகள் மூடப்பட்டதைக் கண்ட மகாதீர், 92ஆம் வயதில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணியின் பிரதமராகத் திரும்பினார். சரவாக் ரிப்போர்ட் மீதான தடை சில நாள்களில் நீங்கியது. அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டிவைக்கப்பட்டிருந்த தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை வெளியிடப்பட்டது. நஜிப்புடன் தொடர்புடைய வீடுகளில் காவல்துறை நடத்திய சோதனையில் கிடைத்த ரொக்கம் மட்டுமே 11 கோடி ரிங்கிட்டைத் தாண்டியது.

2020 ஜூலை 28ஆம் தேதி, துணைப் பிரதமரும் சட்டத்துறைத் தலைவரும் நீக்கப்பட்ட நாளிலிருந்து சரியாக ஐந்தாண்டு நிறைவில், நீதிபதி முகமட் நஸ்லான் கஸாலி எஸ்ஆர்சி வழக்கின் ஏழு குற்றச்சாட்டுகளிலும் நஜிப் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 12 ஆண்டுச் சிறையும் 21 கோடி ரிங்கிட் அபராதமும் விதித்தார். வழக்கு 4.2 கோடி ரிங்கிட் தொடர்பானது. தமிழ் வழக்கறிஞர் வி. சிதம்பரம் அரசுத் தரப்பில் வாதாடினார். 2022 ஆகஸ்ட் 23ஆம் தேதி நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த அன்றே நஜிப் காஜாங் சிறைக்குச் சென்றார். மன்னிப்பு வாரியம் 2024இல் சிறைக்காலத்தைப் பாதியாகவும் அபராதத்தை ஐந்து கோடி ரிங்கிட்டாகவும் குறைத்தது. 1எம்டிபி முதன்மை வழக்கில் 2025 டிசம்பர் 26ஆம் தேதி உயர் நீதிமன்றம், அதிகார முறைகேடு, சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் ஆகிய 25 குற்றச்சாட்டுகளிலும் அவரைக் குற்றவாளி என்று அறிவித்து 15 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அரபு நன்கொடை என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜோ லோ தம்மை ஏமாற்றிவிட்டார் என்பது நஜிப்பின் நிலைப்பாடு. ஜோ லோ தாம் தவறேதும் செய்யவில்லை என்று மறுத்துத் தலைமறைவாகவே இருக்கிறார். பெட்ரோசவுதியின் இரண்டு நிர்வாகிகளுக்கு 2024 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. கோல்ட்மேன் சாக்ஸ் அமெரிக்காவிலும் மலேசியாவிலும் பெருந்தொகை செலுத்தி வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது.

குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் குற்றவாளிகள் ஆகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கணக்காய்வு அறிக்கையைத் திருத்தியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில் நஜிப்பும், 1எம்டிபியின் தலைமை நிர்வாகியாக இருந்த அருள் கந்தா கந்தசாமியும் 2023 மார்ச்சில் விடுவிக்கப்பட்டார்கள்.

எஞ்சியிருக்கும் சட்டங்கள்

பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்துச் செய்யும் மசோதாவை மேலவை 2018இல் ஒருமுறை தடுத்தது. 2019 இறுதியில்தான் அது நிறைவேறியது. புதிய அரசுகள் வந்த பிறகும் அழுத்தம் ஓய்ந்துவிடவில்லை. வாசகர்கள் எழுதிய ஐந்து கருத்துகளுக்காக மலேசியாகினி நிறுவனத்திற்கு 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. வாசகர்கள் சில மணி நேரத்தில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தார்கள். 1எம்டிபி கொள்ளையை முதலில் எழுதிய ரியூகாசல் பிரவுனுக்கு, 2024 பிப்ரவரியில், திரெங்கானு அரசியாரைப் பற்றித் தம் நூலில் எழுதிய ஒரு குறிப்பிற்காக, அவர் இல்லாமலேயே நடந்த விசாரணையில் குவால திரெங்கானு நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அந்தத் தண்டனையின் கடுமை என்னைக் கலங்கவைக்கிறது. அவதூறு என்றால் அதற்கு உரிமையியல் வழக்கு இருக்கிறது.

ஜஹாபார் சாதிக் 2017இல் 'தி மலேசியன் இன்சைட்' என்ற புதிய தளத்தைத் தொடங்கினார். பழைய தளத்தில் பணியாற்றியவர்கள் பலர் அவருடன் சேர்ந்தார்கள். ஊடக மன்றம் அமைக்கும் சட்டம் பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பிறகு 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் செய்தித்தாள் அச்சிட உள்துறை அமைச்சரின் உரிமம் வேண்டும் என்று கூறும் 1984ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்படவில்லை. தி எட்ஜ் வழக்கில் ரத்தானது ஓர் உத்தரவு மட்டுமே. அவ்வுத்தரவைப் பிறப்பிக்கும் அதிகாரம் அதே சட்டத்தில் இன்னும் இருக்கிறது.